ஆலை வைக்குமுன் போட வேண்டிய கணக்கு: சாமை குத்தும் ஆலைக்கு முதலீட்டு மதிப்பு தயாரிக்கும் முறை

ஜவ்வாது மலையில் காவலூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் நான் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சாமை குத்தும் மிஷின் ஒன்று வைக்க எவ்வளவு ரூபாய் ஆகும்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்கள் ஒரே ஒரு தொகையை எதிர்பார்க்கிறார்கள். யந்திர வியாபாரியும் ஒரே ஒரு தொகையைத்தான் சொல்லுகிறான். ஆனால் யந்திரத்தின் விலை வேறு. ஆலையின் விலை வேறு. ஆலையை ஓட்டிச் சங்கம் நிலைத்து நிற்பதற்கு வேண்டிய முதல் வேறு. இம்மூன்றையும் ஒன்றென்று எண்ணிய சங்கங்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. ஆகையால் இம்மூன்றையும் பிரித்துக் கணக்கிடும் முறையை அங்கத்தினர்கள் தாங்களே கற்றுக்கொள்ளும்படி இப்பாடத்தை எழுதலானேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தவர்கள் எவரும் இதைப் பின்பற்றலாம்.

இக்கணக்கு ஏன் அவசியம்?

நம் மலையில் சாமை பூர்வீகமான பயிர். மானாவாரியாக விளைவது, மண் மெலிந்திருந்தாலும் ஓரளவு பலன் கொடுப்பது. ஆனால் அதன் உமி கெட்டியானது. தானியமோ மிகச் சிறியது. உரலிலிட்டு உலக்கையால் குத்திப் புடைத்து அரிசியாக்குவது நம் வீட்டுப் பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அவ்வேலைக்கு அஞ்சியே பல குடும்பத்தார் சாமையைத் தானியமாகவே மூட்டை கட்டி அடிவாரத்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, தாங்கள் உண்ண நெல்லரிசி வாங்கி வருகிறார்கள். உமி நீக்கிய அரிசிக்குக் கிடைக்கும் விலையில் பெரும் பங்கு மலைக்கு வெளியே போய்விடுகிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர், நகரவாசிகள் சாமையரிசியைத் தேடி வாங்குகிறார்கள். கொல்லி மலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிராமங்களிலேயே சிறு ஆலைகளை நிறுவ உதவி, மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தும்படி செய்தார்கள். நம் மலையிலேயே ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று சாமையைப் பதப்படுத்தும் தொழிலில் இறங்கியிருக்கிறது. ஆகவே ஆலை வேண்டும் என்னும் ஆசை நியாயமானதே. எவ்வளவு பெரிய ஆலை, எவ்வளவு முதல் என்பதே நாம் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

இங்கே நான் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விடலாகாது. சில வருஷங்களுக்கு முன் வேறொரு பகுதியில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சங்கத்தார், அங்கத்தினர்களின் பங்குத் தொகையையும் கடனையும் சேர்த்து ஒரு யந்திரம் வாங்கினார்கள். யந்திரத்தின் விலையை மட்டுமே மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். யந்திரம் வந்து இறங்கியபின்தான், ஊருக்கு மும்முனை மின்சாரம் வரவில்லை என்பதும், கொட்டகைக்குப் பணம் மிச்சமில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. இரண்டு மழைக்காலம் அந்த யந்திரம் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. மோட்டாரில் ஈரம் ஏறிற்று. பெல்ட்டுகளை எலி கடித்தது. கடனுக்கு வட்டி மாத்திரம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் வைப்புத் தொகை போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். அந்த மதிப்பீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். "கொட்டகை எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சங்கம் தப்பியிருக்கும். அவ்வார்த்தையை நான் கேட்கவில்லை. இப்பாடம் அதற்கு ஒருவாறு பரிகாரம்.

முதல் மூவகைப்படும்

ஓர் ஆலைக்கு வேண்டிய மொத்த முதலை மூன்று பிரிவாகப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, ஸ்திர மூலதனம். நிலம், கட்டடம், யந்திரம், மின்சார அமைப்பு, தண்ணீர் வசதி முதலியவற்றில் போய்ச் சேர்ந்து, எளிதில் திரும்பிப் பணமாகாதது இது.

இரண்டு, தொடக்கச் செலவு. வரைபடம், உரிமம், மேற்பார்வை, வேலையாட்களைப் பழக்குதல், வெள்ளோட்டம், ஆலை எழும்பும் காலத்திற்கான வட்டி ஆகியவை இதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத செலவாகையால் பெரும்பாலும் மதிப்பீட்டில் விடுபட்டுப் போவது இதுவே.

மூன்று, நடைமுறை மூலதனம். தானியம் வாங்கவும், கூலி கொடுக்கவும், சரக்கு விற்றுப் பணம் வரும் வரையில் ஆலையைத் தாங்கவும் வேண்டிய தொகை இது. இது சுழன்று சுழன்று திரும்பி வரும். ஆயினும் முதல் நாளிலேயே கையில் இருந்தாக வேண்டும்.

முதற்படி: தானியத்தை அளந்து ஆலையை அளத்தல்

யந்திரக் கடைக்குப் போகுமுன் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் எத்தனை ஏக்கரில் சாமை விதைக்கிறார், நல்ல வருஷத்தில் எவ்வளவு காண்கிறார், மழை தவறிய வருஷத்தில் எவ்வளவு காண்கிறார், வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டுப் புத்தகத்தில் பதிய வேண்டும். மூன்று வருஷத்துச் சராசரியையே கணக்குக்கு எடுக்க வேண்டும். நல்ல வருஷத்து விளைச்சலை எடுக்கலாகாது.

கணக்குக் கற்பதற்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்வோம். இப்பாடத்தில் வரும் தொகைகள் யாவும் கற்பித்தலின் பொருட்டு வைத்துக்கொண்டவையே. உங்கள் சங்கத்துக்கு உங்கள் விசாரணையில் கிடைக்கும் தொகைகளையே போட வேண்டும். 400 குடும்பங்கள், ஒவ்வொன்றும் ஆலைக்குக் கொண்டுவரும் சாமை சராசரி 250 கிலோ. ஆக, வருஷத்துக்கு 1,00,000 கிலோ. மழை, திருவிழா, விதைப்புக் காலம், பழுது ஆகியவை போக ஆலை 200 நாள் ஓடும் என்போம். அப்படியானால் நாளொன்றுக்கு 500 கிலோ. எட்டு மணி வேலை நாளில் மின்தடை, துடைத்தல், மூட்டை மாற்றுதல் போக உண்மையில் யந்திரம் ஓடுவது 5 மணி என்று கொள்வோம். மணிக்கு 100 கிலோ குத்தும் யந்திரமே நமக்குப் போதுமானது.

வியாபாரி இச்சமயத்தில், "மணிக்கு 500 கிலோ குத்தும் பெரிய மிஷினாக எடுத்துக்கொள்ளுங்கள்; பிற்காலத்துக்கு உதவும்" என்பான். அந்த யந்திரம் நம் தானியம் முழுவதையும் 40 நாளில் குத்தித் தீர்த்துவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும். வட்டி மட்டும் 365 நாளும் ஓடும்.

சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்வதற்குக் காவலூரிலேயே உதாரணம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள நம் வைணு பாப்பு வானாய்வகத்தில், 1968-ல் வேலை தொடங்கியபோது இருந்தது 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியே. அதுவும் கொடைக்கானலில் நம்மவரே செய்தது. அதைக் கொண்டு வேலை பழகிய பின்னர் 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில்தான் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. பெரிய விஞ்ஞானிகளே பதினெட்டு ஆண்டுகளில் ஏறிய படிகளை ஒரு கிராமச் சங்கம் ஒரே தாவலில் ஏற நினைப்பது விவேகமன்று.

இரண்டாம் படி: யந்திரங்களின் விலை

சாமை குத்துவதற்கு ஒரே யந்திரம் போதாது. தூசியும் பதரும் நீக்கித் தரம் பிரிக்கும் சல்லடை, கல் நீக்கும் யந்திரம், உமி நீக்கும் யந்திரம், காற்றால் உமியைப் பிரிக்கும் விசிறி, தானியத்தை மேலேற்றும் எலிவேட்டர் ஆகியவை வேண்டும். சாமையிலுள்ள கல்லும் ஏறக்குறைய சாமையளவே இருப்பதால், கல் நீக்கும் யந்திரத்தை விட்டுவிட்டுச் செலவைக் குறைப்பவர்கள் பின்னர் வாடிக்கையை இழப்பார்கள்.

ஒவ்வொரு யந்திரத்துக்கும் குறைந்தது மூன்று பேரிடமிருந்து எழுத்து மூலமாக விலைக் குறிப்பு, அதாவது கொட்டேஷன், பெற வேண்டும். விலை எந்த இடத்தில் ஒப்படைப்பதற்கு, வரி சேர்ந்ததா, மோட்டார் சேர்ந்ததா, எத்தனை நாள் வரை செல்லும் என்பவற்றை அதில் எழுதி வாங்க வேண்டும்.

பழைய விலை மட்டுமே கிடைத்தால் என் செய்வது? அரசாங்கம் வெளியிடும் மொத்த விலைக் குறியெண் இதற்கு உதவும். பழைய விலையை இன்றைய குறியெண்ணால் பெருக்கி, அக்காலத்துக் குறியெண்ணால் வகுக்க வேண்டும். யந்திரத் தொகுதியின் பழைய விலை ரூ. 4,00,000, அப்போதைய குறியெண் 120, இப்போதையது 150 என்றால், இன்றைய விலை ரூ. 5,00,000 ஆகும்.

வேறு அளவுள்ள யந்திரத்தின் விலை மட்டுமே கிடைத்தால்? 1947-ல் ராஜர் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் ஒரு விதியை வெளியிட்டார். ஆலையின் அளவு இரட்டித்தால் விலை இரட்டிப்பதில்லை. அளவு விகிதத்தின் 0.6 அடுக்காகவே உயரும் என்பது அது. அதன்படி அளவு 2 மடங்கானால் விலை சுமார் 1.52 மடங்கு, 3 மடங்கானால் 1.93 மடங்கு, 5 மடங்கானால் 2.63 மடங்கு. மணிக்கு 100 கிலோ ஆலையின் யந்திரம் ரூ. 5,00,000 என்றால், 500 கிலோ ஆலையின் யந்திரம் ஏறத்தாழ ரூ. 13,00,000 ஆகும். ஐந்து மடங்கு வேலைக்கு இரண்டரை மடங்கு விலைதானே என்று மயங்கலாகாது. ஐந்து மடங்கு தானியம் இருந்தால் மாத்திரமே அது லாபம். இவ்விதி எல்லா யந்திரங்களுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதுமில்லை; முதல் உத்தேசத்துக்கு மட்டும் உதவுவது.

மூன்றாம் படி: யந்திரத்திலிருந்து ஆலைக்கு

இப்பொழுது நம் கற்பனைச் சங்கத்தின் ஸ்திர மூலதனத்தையும் தொடக்கச் செலவையும் வரிசையாக எழுதுவோம்.

1. யந்திரங்களின் விலை: ரூ. 5,00,000
2. வரி, இன்ஷூரன்ஸ், மலைமேல் கொண்டுவர லாரிச் சத்தம், இறக்குக் கூலி: ரூ. 90,000
3. அஸ்திவாரமும் யந்திரம் பூட்டும் கூலியும்: ரூ. 60,000
4. மின் இணைப்பு, ஒயரிங், ஸ்டார்ட்டர், சுவிட்சுப் பலகை: ரூ. 1,10,000
5. கொட்டகை, சேமிப்பறை, சிமெண்டு உலர்களம்: ரூ. 4,50,000
6. தண்ணீர், வேலி, வண்டிப் பாதை: ரூ. 80,000
7. தராசு, ஈரப்பதம் பார்க்கும் கருவி, சாக்குத் தைக்கும் யந்திரம், மேஜை முதலியன: ரூ. 60,000

இதுவரை ரூ. 13,50,000.

8. வரைபடம், இஞ்சினீயர் மேற்பார்வை, உணவுப் பாதுகாப்பு உரிமம் முதலியன: ரூ. 50,000

ஆக ரூ. 14,00,000.

9. எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு 10 வீதம்: ரூ. 1,40,000
10. வேலை பழக்குதல், வெள்ளோட்டம், அதில் நொய்யாகும் தானியம்: ரூ. 35,000
11. ஆலை எழும்பும் காலத்து வட்டி: ரூ. 25,000

ஆக மொத்தம் ரூ. 16,00,000.

ரூ. 5,00,000 என்று வியாபாரி சொன்ன யந்திரம் ரூ. 16,00,000 பெறும் ஆலையாக வளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். நிலம் சங்கத்துக்குச் சொந்தமாக இருப்பதாக வைத்துக்கொண்டதால் அதன் விலையைச் சேர்க்கவில்லை. நம் மலையில் வனத்துக்கு உட்பட்ட நிலம் அதிகமாகையால், பட்டாவும் எல்லையும் சரிபார்க்குமுன் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது.

உலர்களத்தை ஆடம்பரம் என்று எண்ணிச் சிலர் அடித்துவிடுகிறார்கள். ஈரச் சாமை யந்திரத்தில் உமி விடாது; அதிகம் காய்ந்ததோ நொறுங்கி நொய்யாகும். சரியான பதத்தில் காய வைத்த சாமை 100 கிலோவுக்கு 60 முதல் 70 கிலோ வரை அரிசி காணும். இந்தப் பத்துக் கிலோ வித்தியாசத்திலேயே ஆலையின் லாபநஷ்டம் அடங்கியிருக்கிறது.

மதிப்பீட்டைச் சரிபார்க்கும் ஒரு குறுக்கு வழி

நாம் போட்ட கணக்கில் ஏதேனும் விடுபட்டதா என்று பார்க்க ஓர் உரைகல் வேண்டும். ஹான்ஸ் லாங் என்பவர் 1947, 1948-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பலவற்றின் கணக்குகளை ஆராய்ந்து ஒரு பெருக்கெண் முறையை வெளியிட்டார். ஆலைக்கு வந்து சேர்ந்த நிலையில் யந்திரங்களின் விலை எவ்வளவோ அதை, தானியம் போன்ற திடப்பொருளைப் பதப்படுத்தும் ஆலையானால் 3.10-ஆலும், திடமும் திரவமும் கலந்த ஆலையானால் 3.63-ஆலும், திரவ ஆலையானால் 4.74-ஆலும் பெருக்கினால் ஆலையின் ஸ்திர முதல் உத்தேசமாகக் கிடைக்கும் என்றார்.

நம் யந்திரம் வந்து சேர்ந்த விலை ரூ. 5,90,000. அதை 3.10-ஆல் பெருக்க ரூ. 18,29,000 வருகிறது. நாம் ஒவ்வொன்றாகக் கூட்டியது ரூ. 16,00,000. இரண்டும் அண்மையில் இருப்பதால் பெரிய இனம் எதுவும் விடுபடவில்லை என்று ஒருவாறு திருப்தியடையலாம். லாங் கண்டவை பெரிய இரசாயன ஆலைகள். நமதோ தகரக் கூரைக் கொட்டகை. ஆகையால் அவருடைய எண்ணை உரைகல்லாகக் கொள்ளலாமேயன்றிப் பொன்னாகக் கொள்ளலாகாது. எவரேனும் ரூ. 5,90,000 யந்திரத்துக்கு ரூ. 7,00,000-ல் ஆலை முடிந்துவிடும் என்று மதிப்பீடு கொண்டுவந்தால், எதையோ மறந்தார் அல்லது மறைத்தார் என்று உடனே சந்தேகிக்கலாம். இந்த உரைகல்லின் பயன் அவ்வளவே. அதுவே பெரும் பயன்.

மதிப்பீட்டிலும் தரம் உண்டு

வெறும் யோசனை நிலையில் போடும் மதிப்பும், வரைபடமும் கொட்டேஷனும் கையில் வந்தபின் போடும் மதிப்பும் ஒரே நம்பிக்கைக்கு உரியவையல்ல. அமெரிக்காவில் 1956-ல் ஏற்பட்ட செலவு மதிப்பீட்டாளர் சங்கத்தார் மதிப்பீடுகளை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு, யோசனை நிலை. அதில் உண்மைச் செலவு மதிப்பைவிட நூற்றுக்கு 30 முதல் 100 வரை கூடிவிடக்கூடும். முதலாம் வகுப்பு, எல்லா விவரமும் முடிந்த நிலை. அதில் கூடுவது நூற்றுக்கு 3 முதல் 15 வரை.

இதிலிருந்து நமக்கு ஏற்படும் விதி யாதெனில்: பொதுக்கூட்டத்தில் யோசிப்பதற்கு உத்தேச மதிப்புப் போதும், கடன் மனு போடுவதற்கு ஒவ்வோர் இனத்தையும் விசாரித்த மதிப்பு வேண்டும், முன்பணம் கொடுப்பதற்கு எழுத்து மூலமான கொட்டேஷனும் இஞ்சினீயர் வரைபடமும் வேண்டும். முதல் நிலை மதிப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் நிலைக் காரியத்தைச் செய்வதே நஷ்டத்துக்கு வழி.

எதிர்பாராச் செலவுத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. தணிக்கையின்போது சிலர், "இது எதற்காக என்று தெரியாத தொகையல்லவா, அடித்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அடிக்கலாகாது. பாறை வந்து அஸ்திவாரம் தோண்ட இரட்டிப்புக் கூலி ஆவதும், மழையில் பாதை அறுத்துக்கொண்டு லாரி இரண்டு நடை வருவதும் மலையில் எதிர்பார்க்க வேண்டியவையே. எந்த இனத்தில் வரும் என்பதுதான் தெரியாது. வரும் என்பது தெரியும். ஆனால் அத்தொகையை நிர்வாகக் கமிட்டித் தீர்மானமின்றிக் காரியதரிசி தொடலாகாது.

நான்காம் படி: நடைமுறை மூலதனம்

சாமை அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் எல்லாரும் ஒருங்கே தானியத்தைக் கொண்டுவருவார்கள். அரிசியோ வருஷம் முழுவதும் சிறிது சிறிதாக விற்கும். இந்த இடைவெளியைத் தாங்குவதே நடைமுறை மூலதனம்.

நம் சங்கம் 80,000 கிலோவைக் கூலிக்குக் குத்திக் கொடுப்பதாகவும், 20,000 கிலோவை மட்டும் தானே வாங்கி அரிசியாக்கி விற்பதாகவும் கொள்வோம். கிலோ ரூ. 40 வீதம் அறுவடையில் ரூ. 8,00,000 வேண்டும். கூலி, மின்சாரம், சாக்கு ஆகியவற்றுக்கு மாதம் ரூ. 50,000 வீதம் மூன்று மாதத்துக்கு ரூ. 1,50,000. வாங்கியவர்களிடம் நிலுவை நிற்கும் தொகை ரூ. 50,000. ஆக ரூ. 10,00,000. தானியம் முழுவதையும் சங்கமே வாங்க ஆசைப்பட்டால் தானியத்துக்கு மட்டும் ரூ. 40,00,000 வேண்டும், அது ஆலையின் விலையைப்போல் இரண்டரை மடங்கு என்பதைக் கவனித்தால், ஆலை வைத்த பல சங்கங்கள் அறுவடைக் காலத்தில் வெறுங்கையோடு நிற்பதன் காரணம் விளங்கும்.

உமியுடன் கூடிய சாமை நெடுங்காலம் கெடாமல் இருக்கும். உமி நீக்கிய அரிசியோ, அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் சில மாதங்களில் காறல் வாடை பெறும். ஆகையால் தானியமாகச் சேமித்து, விற்பனைக்குத் தக்கபடி குத்துவதே முறை. ஐந்தாம் இனத்தில் சேமிப்பறையைச் சேர்த்தது இதற்காகவே.

ஆக, வேண்டிய மொத்த முதல் ரூ. 16,00,000-உம் ரூ. 10,00,000-உம் சேர்ந்து ரூ. 26,00,000.

ஐந்தாம் படி: கிலோவுக்கு என்ன சுமை?

ஒரு பொதுக்கூட்டத்தில் இக்கணக்கை நான் கரும்பலகையில் எழுதியபோது, பின்வரிசையிலிருந்து வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஐயா, லட்சக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது. என் சாமை ஒரு கிலோவுக்கு எவ்வளவு பாரம் ஏறும், அதைச் சொல்லுங்கள்" என்றார். "பெரியவரே, அந்தக் கேள்விதான் கணக்கின் உயிர்" என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் கேட்டபடியே பார்ப்போம்.

ஸ்திர முதல் ரூ. 16,00,000-க்கு நூற்றுக்கு 9 வட்டி வீதம் வருஷத்துக்கு ரூ. 1,44,000. யந்திரமும் மின்சார அமைப்பும் கருவிகளுமாகிய ரூ. 8,20,000, 10 வருஷத்தில் தேயும் என்றால் ரூ. 82,000. கட்டடம் முதலிய ரூ. 5,30,000, 25 வருஷத்தில் தேயும் என்றால் ரூ. 21,200. மற்றவையாகிய ரூ. 2,50,000-ஐ 10 வருஷத்தில் தீர்க்க ரூ. 25,000. மராமத்துக்குச் சுமார் ரூ. 28,000. ஆக, ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஏறத்தாழ ரூ. 3,00,000 சுமை நிற்கும்.

1,00,000 கிலோ வந்தால் கிலோவுக்கு ரூ. 3.
40,000 கிலோ மட்டும் வந்தால் ரூ. 7.50.
25,000 கிலோ மட்டும் வந்தால் ரூ. 12.

இதற்குமேல் கூலியும் மின்சாரமும் நாளொன்றுக்கு ரூ. 2,000 என்றால், 500 கிலோ குத்தும் நாளில் கிலோவுக்கு ரூ. 4. நடைமுறை மூலதனத்தின் வட்டி வேறு. ஆகவே ஆலை நிறைந்து ஓடினால் ஏறத்தாழ ரூ. 7-லிருந்து 7.50-க்குள் அடங்கும் செலவு, தானியம் கால்பங்கானால் ரூ. 16-க்கு மேல் போய்விடும். அப்போது அங்கத்தினரே தம் சொந்த ஆலையை விட்டு அடிவாரத்துக்குச் செல்வார். தானியம் இன்னும் குறையும். சுமை இன்னும் ஏறும்.

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் மிஷின் வாங்குமுன், தானியம் கொண்டுவருவோம் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது" என்றார். கூட்டுறவின் சாரம் முழுவதும் அவ்வார்த்தையில் இருந்தது.

முதல் எங்கிருந்து வரும்?

பங்குத் தொகை, சங்கத்தின் சேம நிதி, வங்கிக் கடன், அரசாங்க மானியம் என்பவையே வழிகள். மத்திய அரசாங்கத்தின் வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டம் 2020-ல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் ரூ. 2 கோடி வரையுள்ள கடனுக்கு வட்டியில் நூற்றுக்கு 3 சலுகை உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் அதற்கு உரியவை. மானியத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மதிப்பீட்டில் செலவை முழுமையாக எழுதிவிட்டு, மானியத்தை வரவுப் பக்கத்தில் தனியே காட்ட வேண்டும். செலவிலேயே கழித்து எழுதினால், மானியம் பிந்தி வரும்போது வேலை பாதியில் நிற்கும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஆலையைப் பெரிதாக்குவது அதனினும் கேடு. மானியம் ஒருமுறை வரும், மராமத்து வருஷந்தோறும் வரும்.

நிர்வாகக் கமிட்டியார் கைக்கொள்ள வேண்டியவை

மூன்று வருஷத்துத் தானியக் கணக்கு எடுக்காமல் யந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கலாகாது.

மும்முனை மின்சாரம் கொடுப்பதாக மின்சார இலாகாவினரிடமிருந்து எழுத்து வருமுன் முன்பணம் கொடுக்கலாகாது.

யந்திரம் வருமுன் கொட்டகை நிற்க வேண்டும்.

நடைமுறை மூலதனத்துக்கு வைத்த தொகையைக் கட்டடத்தில் போடலாகாது.

மதிப்பீட்டின் ஒவ்வோர் இனத்தையும் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசித்து, அங்கத்தினர் கேள்விக்கு விடை சொன்ன பின்னரே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

பயிற்சிக்கான கேள்விகள்

1. மேற்படி ஆலைக்கு வருஷத்தில் 60,000 கிலோ சாமை மட்டும் வந்தால், கிலோவுக்கு நிற்கும் ஸ்திரச் சுமை எவ்வளவு? விடை: ரூ. 5.

2. ஒரு யந்திரத்தின் பழைய விலை ரூ. 3,60,000. குறியெண் 120-லிருந்து 140-க்கு உயர்ந்திருக்கிறது. இன்றைய விலை என்ன? விடை: ரூ. 4,20,000.

3. மணிக்கு 100 கிலோ யந்திரம் ரூ. 5,00,000 என்றால், 300 கிலோ யந்திரத்தின் உத்தேச விலை என்ன? விடை: சுமார் ரூ. 9,65,000.

4. உங்கள் ஊரில் சென்ற மூன்று வருஷங்களில் அங்கத்தினர்கள் விற்ற சாமை எவ்வளவு? இதற்கு விடை என்னிடம் இல்லை. உங்கள் வீடுகளில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதை எழுதிக் கொண்டுவருவீர்களாக. கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.